டிராகுலா நாவல்: ஜாப் டைப்பிங் கடையில உக்காந்து படிச்சது

பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல பழைய புக்கு விரிச்சு வச்சிருப்பாங்கல்ல, அங்க 120 சொல்லி 80 ரூபாய்க்கு குடுத்தாரு. நான் போனது பையனுக்கு ஜீன்ஸ் பேன்ட் எடுக்க. அவன் சொன்ன சைஸ் இல்ல, வெயில் மண்டைய பொளக்குது, சரின்னு டிராகுலா புக்கோட கடலூர் பஸ் ஏறிட்டேன். அட்டையில பல்லு, ரத்தம், வவ்வாலுன்னு எதையும் விட்டு வைக்கல, பக்கத்து சீட்டு அம்மா அட்டைய ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பாத்துட்டு அரியாங்குப்பத்துல ஆளு எறங்குனதும் வேற சீட்டுக்கு போயிடுச்சு.

நான் வாங்குனது அட்டைய பாத்து இல்ல. சும்மா பொரட்டுனப்ப மொத அத்தியாயத்து தலைப்புக்கு கீழயே பிராக்கெட்டுல சின்னதா ஒரு வரி, இந்த டைரி ஷார்ட்ஹேண்டுல, அதான் சுருக்கெழுத்துல, எழுதுனதுன்னு. அத பாத்ததும் விட மனசு வரல. நான் திருப்பாப்புலியூர்ல ஒரு இன்ஸ்டிடியூட்ல டைப்பிங் லோயர் ஹையர் ரெண்டும் முடிச்சு பிட்மேன் ஷார்ட்ஹேண்டும் படிச்சவ, இப்ப மஞ்சக்குப்பத்துல சின்னதா ஒரு ஜாப் டைப்பிங் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், வர்றதுல முக்காவாசி கோர்ட்டு வேலைதான், அஃபிடவிட், பெட்டிஷன், பத்திர நகல். ஷார்ட்ஹேண்டு இப்ப யாருக்கும் வேணாம், கை மட்டும் மறக்கல, இன்னும் பால் கணக்கு அதுலதான் எழுதுறேன், வீட்டுல எவனுக்கும் புரியாது, நிம்மதி.

அதனால இது ஒரு டைப்பிஸ்ட் எழுதுற ரிவ்யூ, இலக்கியக்காரங்க மன்னிக்கணும். கதைய நெறையவே சொல்லிடுவேன், தெரியாம படிக்கணும்னு நெனைக்கிறவங்க இதோட நிறுத்திக்கங்க. ஆனா 1897ல வந்த புக்கு, இதுக்கு மேல என்ன ஸ்பாய்லர்.

மொதல்ல ஒண்ணு சொல்லணும். நீங்க எத்தன டிராகுலா படம் பாத்திருந்தாலும் இந்த புக்கு என்ன மாதிரின்னு தெரிஞ்சிருக்காது. எனக்கும் தெரியல. இதுல "ஒரு ஊர்ல ஒரு பிரபு இருந்தான்"னு கதை சொல்ற ஆளே கெடையாது. முழுக்க முழுக்க காயிதம். ஒருத்தன் டைரி, ஒருத்தி லெட்டர், ஒரு டாக்டரோட ரெக்கார்டிங், ஒரு கப்பல் கேப்டனோட லாக் புக்கு, பேப்பர் கட்டிங், தந்தி, சரக்கு ஏத்தி எறக்குன கம்பெனியோட கடிதம், எல்லாத்தையும் தேதிவாரியா அடுக்கி ஒரு கட்டா கட்டி நம்ம கையில குடுத்துட்டு போயிடறாங்க. மே 3ல ஆரம்பிச்சு நவம்பர் 6ல முடியுது. பத்து பக்கம் தாண்டுனதுமே எனக்கு மண்டையில அடிச்சுச்சு, அட இது கேஸ் கட்டு! சாட்சி 1, சாட்சி 2, இந்த ஆவணம், அந்த ஆவணம், ஒவ்வொருத்தரும் தான் பாத்தத மட்டும் சொல்றாங்க, பக்கத்துல நிக்கிறவனுக்கு என்ன தெரியும்னு இவனுக்கு தெரியாது, கட்ட மொத்தமா வச்சு படிக்கிறவங்களுக்குத்தான் உண்மை தெரியுது.

எழுதுன பிராம் ஸ்டோக்கர் அயர்லாந்துக்காரரு, டப்ளின்ல பொறந்தவரு, லண்டன்ல லைசியம்னு ஒரு பெரிய நாடகக் கொட்டகைக்கு மேனேஜரா இருந்தவரு. அதுக்கு முன்னாடி என்ன வேலைன்னு தேடி பாத்தப்ப கடையில தனியா உக்காந்து சிரிச்சேன். டப்ளின்ல கவர்மெண்ட் குமாஸ்தா. டிராகுலாவுக்கு 18 வருஷம் முன்னாடி, 1879ல, ஒரு புக்கு போட்டிருக்காரு, அயர்லாந்துல சின்ன கோர்ட்டுகள்ல வேலை பாக்குற குமாஸ்தாக்களோட கடமைகள் என்னென்னன்னு. பேய் இல்ல பிசாசு இல்ல, குமாஸ்தா கையேடு. இத எங்க கடைக்கு வர்ற வக்கீல் குமாஸ்தா அண்ணன்கிட்ட சொன்னேன். "அதாம்மா பாத்தியா, குமாஸ்தா நெனச்சா பேயையும் கோர்ட்டுல ஏத்திடுவான்"னு ஒரே பெருமை, அன்னிக்கு ஜெராக்ஸுக்கு பாக்கி வைக்காம காசு குடுத்தாரு.

சரி கதை. ஜோனத்தன் ஹார்க்கர்னு ஒரு புது வக்கீல், பரீட்சை பாஸாயி கொஞ்ச நாள்தான் ஆகுது. அவன் இப்ப ருமேனியாவுல இருக்குற திரான்சில்வேனியாவுக்கு போறது பேய் பாக்க இல்ல, பத்திர வேலைக்கு. டிராகுலா பிரபு லண்டன் பக்கத்துல ஒரு பழைய பங்களா வாங்குறாரு, 20 ஏக்கர், அந்த கிரய வேலைக்கு இவன் போறான். வழியெல்லாம் சாப்பாட்டு குறிப்பு, மொளகா போட்ட கோழி நல்லா இருந்துச்சு, மினாவுக்கு செய்முறை கேட்டு வாங்கணும்னு. பொண்டாட்டியாகப் போறவளுக்கு ரெசிபி எழுதிட்டு போறவன் பேய் வீட்டுக்கு போறான்னா நமக்கு பதறுமா பதறாதா. கோட்டையில வேலைக்காரங்க ஒருத்தரும் இல்ல, ஒரு நாள் கதவு இடுக்கு வழியா பாக்குறான், பிரபுவே இவனுக்கு படுக்கை விரிச்சுட்டு இருக்காரு. இதுதான் எனக்கு புடிச்ச பயம். கோரைப் பல்லு பெருசா பயமுறுத்தல, அவ்ளோ பெரிய ஆளு தானே பெட்ஷீட்ட தட்டி போடுறாரு பாருங்க, அங்கதான் முதுகுல சில்லுனுச்சு.

அப்புறம் அந்த ஷார்ட்ஹேண்டு. இவன் ஜெயில்ல மாட்டுன மாதிரி மாட்டிக்கிட்டான்னு தெரிஞ்சதும் ரகசியமா ரெண்டு லெட்டர் எழுதி வெளிய அனுப்ப பாக்குறான், மினாவுக்கு எழுதுனது ஷார்ட்ஹேண்டுல. ரெண்டும் பிரபு கையிலயே போயி சேருது. பல நூறு வருஷமா இருக்குற ஆளு, இங்கிலீஷ் சட்டம், ரயில்வே டைம் டேபிள் வரைக்கும் கரைச்சு குடிச்சவரு, அந்த கோட்டையும் புள்ளியையும் பாத்து மூஞ்சி கறுத்து போறாரு. படிக்க தெரியல! கையெழுத்து இல்லாத லெட்டரு, அதனால நமக்கு சம்பந்தமில்லன்னு விளக்குல காட்டி எரிச்சுடறாரு. நான் புக்க கீழ வச்சுட்டு எங்க இன்ஸ்டிடியூட் சார நெனச்சுக்கிட்டேன், "கோடு தடிச்சா ஒரு எழுத்து, மெலிஞ்சா வேற எழுத்து"ன்னு ஸ்கேல்ல விரல்ல தட்டுவாரு. பேய்க்கு எதிரா சிலுவை, பூண்டெல்லாம் இருக்கட்டும், என்னக் கேட்டா அத தோக்கடிச்சது ஷார்ட்ஹேண்டுதான்.

அடுத்து கப்பல். இத தனியா சொல்லியாகணும்.

நான் இத படிச்சது 2024 நவம்பர் 30 ராத்திரி. தேதி எப்படி மறக்கும், ஃபெங்கல் புயல் பாண்டி பக்கத்துல கரைய கடந்த ராத்திரி. துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டாங்க, கரண்டு போயிடுச்சு, ஜன்னலுக்கு கோணிப்பை சொருகி வச்சிருக்கோம், எமர்ஜென்சி லைட்டுல எத்தன நேரம் தாங்குமோன்னு பாத்துக்கிட்டே படிக்கிறேன். நாவல்ல விட்பினு இங்கிலாந்துல ஒரு கடலோர ஊரு, கெழட்டு மீன்புடிக்காரங்க, மேட்டு மேல கோயிலு, கல்லறை. புயலுக்கு முந்தின சாயங்காலம் காத்தே இல்லாம ஊரே கப்புனு அடங்கி கெடக்குறத எழுதியிருக்காரு பாருங்க, தேவனாம்பட்டினத்துல வளந்தவங்களுக்கு அத வெளக்கவே வேணாம், 2011ல 'தானே' புயல் வர்றதுக்கு மொத நாளு அப்படித்தான் இருந்துச்சு, எங்க மாமா கடல பாத்துட்டு "மூச்சு புடிச்சுக்கிட்டு நிக்குது"ன்னு சொன்னாரு. அந்த புயல்ல ஒரு கப்பலு பாய விரிச்சபடி நேரா துறைமுகத்துக்குள்ள பாயுது, ஓட்டுறவன் செத்து போயிருக்கான், சக்கரத்தோட கைய கட்டிக்கிட்டு, கையில சிலுவை. கரை தட்டுனதும் ஒரு பெரிய நாயி தாவி எறங்கி இருட்டுல ஓடுது, அத அப்புறம் எங்கயும் காணோம்.

அதுக்கு பின்னாடிதான் கேப்டனோட லாக் வருது. அவன் பாக்கெட்டுல ஒரு பாட்டில், அதுக்குள்ள சுருட்டி வச்ச காயிதம். ரஷ்ய பாஷையில இருந்தத கான்சல் ஆபீஸ் குமாஸ்தா மொழிபெயர்த்து சொல்ல சொல்ல நிருபர் எழுதிக்கிட்டதாம், பாருங்க, இங்கயும் குமாஸ்தா. வார்னா துறைமுகத்துல இருந்து கெளம்புறப்ப கேப்டனோட சேத்து ஒம்போது பேரு. அப்புறம் ஒருத்தன் காணோம். மறுபடி ஒருத்தன் காணோம். கேப்டன் கதை எழுதல, கணக்கு எழுதுறான், காத்து எந்த பக்கம், எந்த கடல தாண்டுனோம், யாரு வாட்சுக்கு வரல. மொத்தமே சில பக்கம்தான். டிராகுலாங்குற பேரு அதுல ஒரு எடத்துலயும் இல்ல, ஒரு உயரமான ஒல்லி ஆளுன்னு மட்டும். நமக்கு தெரியும் கப்பல்ல ஏத்துன மண்ணு பெட்டிக்குள்ள யாருன்னு, அவனுக்கு தெரியாது, கடைசி வரைக்கும் கப்பல விட்டு எறங்க மாட்டேன்னு சக்கரத்துல கட்டிக்கிறான். வெளிய தகரம் பறக்குற சத்தம் கேக்குது, எங்க அம்மா இருட்டுல "படிச்சது போதும் லைட்ட அணைடி, சார்ஜ் போயிடும்"னு கத்துது, நான் அணைக்கல.

இந்த கப்பல் சங்கதிய அவரு சும்மா கற்பனையில இழுக்கல. 1890ல ஸ்டோக்கர் விட்பிக்கு லீவுக்கு போயி தங்கியிருக்காரு, அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி 1885ல டிமித்ரினு ஒரு ரஷ்யக் கப்பலு நெஜமாவே அங்க கரை தட்டியிருக்கு. அத கேட்டு வச்சுக்கிட்டுத்தான் நாவல்ல டிமீட்டர்னு மாத்திட்டாரு. நாவல் கப்பல்ல மண்ணு பெட்டிய தவுத்து ஏத்தியிருந்த சரக்கு என்னன்னா வெள்ளி மணல். எங்க ஊரு பீச்சுக்கே சில்வர் பீச்சுன்னு பேரு, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சொல்லணும்னு தோணுச்சு.

இங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். லூசின்னு ஒரு பொண்ணு, மினாவோட சிநேகிதி, நாளுக்கு நாள் வெளுத்துக்கிட்டே போகுது. வான் ஹெல்சிங்குனு ஆம்ஸ்டர்டாம்ல இருந்து ஒரு வயசான டாக்டரு வர்றாரு. அவரு ஊருக்கு போயிருக்குறப்ப சிஷ்யன் சீவர்டுக்கு, அவரும் டாக்டருதான், பைத்தியக்கார ஆஸ்பத்திரி நடத்துறாரு, ஒரு தந்தி அடிக்கிறாரு, இன்னிக்கு ராத்திரி நீ லூசி வீட்டுல இருக்கணும், தவற விடாதன்னு. அந்த தந்தி மேலயே ஒரு குறிப்பு இருக்கு: முகவரியில மாவட்டம் போடாததால வேற மாவட்டத்துக்கு போயி 22 மணி நேரம் தாமதமா குடுத்தது. நான் ஒரு நாளைக்கு நாலு பேருக்கு சொல்லுவேன், "சார், தாலுகா போட்டீங்க, மாவட்டம் போடல"ன்னு. ஒரு வார்த்தை. ஒரு பொண்ணு உயிரு. பக்கத்த திருப்புறேன், திருப்புனா ஏற்கனவே படிச்ச பக்கம்! ஒரு ஃபாரம், 16 பக்கம், சுத்தமா இல்ல, அதுக்கு பதிலா முந்துன ஃபாரத்தையே இன்னொரு தடவ சேத்து பைண்ட் பண்ணி வச்சிருக்கான் புண்ணியவான். பழைய புக்கு, யார்கிட்ட போயி கேக்க. பதிப்பகம் பேரு சொல்ல விரும்பல. எழுத்தும் எறும்பு சைஸு, காயிதம் பின்பக்கம் தெரியுது. நல்லவேளை இது காப்பிரைட் போன புக்கு, கூட்டன்பர்க் சைட்ல முழுசும் சும்மாவே கெடக்கு, அந்த 16 பக்கத்த போன்ல படிச்சேன்.

அந்த பக்கத்துக்கு முன்னாடி ஒரு எடம். டாக்டரு லூசி கழுத்துலயும் ஜன்னல்லயும் பூண்டுப்பூ கட்டி வச்சுட்டு போறாரு, யாரும் எடுக்கக்கூடாது, ஜன்னல தொறக்கக்கூடாதுன்னு. ராத்திரி லூசியோட அம்மா வந்து பாத்து, என்ன இந்த நாத்தம், பொண்ணுக்கு மூச்சு முட்டுமேன்னு பூவையும் தூக்கிப் போட்டு ஜன்னலையும் தொறந்து விட்டு காலையில அத பெருமையா டாக்டர்கிட்டயே சொல்லுது. இதுக்கு மேல ஒரு அம்மாவ எப்படி எழுதுறது. அதுக்கு விசயம் சொல்லல, ஏன்னா அதுக்கு நெஞ்சு வீக்கு. சொல்லாம விட்டதால ஆச்சு. இந்த புக்குல எல்லா சாவுக்கும் பின்னாடி ஒரு "அவங்ககிட்ட சொல்லல" இருக்கு.

லூசிக்கு நாலு ஆம்பளைங்க மாத்தி மாத்தி ரத்தம் குடுக்குறாங்க, அவள கட்டிக்கப் போற ஆர்தர், சீவர்ட், வான் ஹெல்சிங், குவின்சி. குரூப்பாவது ஒண்ணாவது, ஒருத்தரும் பாக்கல. லேப்புல வேலை செய்யுற எங்க சித்தி பொண்ணுகிட்ட சொன்னேன், "அக்கா, பேய் கொன்னுச்சா இவங்க கொன்னாங்களா"ன்னு கேட்டுச்சு. தப்பு ஸ்டோக்கர் மேல இல்ல, ரத்தத்துல குரூப்பு இருக்குன்னு லேண்ட்ஸ்டைனர் கண்டுபுடிச்சு வெளியிட்டதே 1901லதான், புக்கு வந்து நாலு வருஷம் கழிச்சு.

எல்லாத்த விடவும் எனக்கு மினா. படத்துல எல்லாம் மினான்னா வெள்ளை கவுன்ல மயங்கி விழுற பொண்ணு. புக்குல அவ டைப்பிஸ்ட். வாத்தியாரு வேலை பாத்துக்கிட்டே ஷார்ட்ஹேண்டும் டைப்பிங்கும் விடாம ப்ராக்டிஸ் பண்றா, கல்யாணம் ஆனதும் புருசனுக்கு ஆபீஸ்ல ஒத்தாசையா இருக்கலாம்னு. வான் ஹெல்சிங் வந்து உன் டைரிய குடும்மான்னு கேக்குறாரு, இவ குறும்புக்கு ஷார்ட்ஹேண்டு நோட்ட நீட்டுறா, பெரிய மேதை முழிக்கிறாரு, அப்புறம் ஏற்கனவே அடிச்சு வச்ச டைப் காப்பிய எடுத்து குடுக்குறா. இந்த சந்தோஷம் எனக்கு தெரியும்ங்க. எங்க கடைக்கு வந்த ஒரு பெரிய வக்கீலு என் நோட்ட பாத்துட்டு "என்னம்மா இது கோழி கிண்டுன மாதிரி"ன்னு கேட்டப்ப நானும் அப்படித்தான் ஒரு நிமிஷம் பேசாம இருந்தேன்.

டாக்டர் சீவர்ட் டைரி எழுத மாட்டாரு, பேசுவாரு, ஃபோனோகிராஃப் மெழுகு உருளையில. மாசக்கணக்கா பேசி வச்சிருக்காரு. மினா வந்து லூசி எப்படி செத்தான்னு அந்த எடத்த மட்டும் போட்டு காட்டுங்கன்னு கேக்குறப்பதான் அவருக்கே ஒறைக்குது, அதுல எந்த எடத்துல எது இருக்குன்னு தேடி எடுக்க தனக்கு தெரியாதுன்னு. கட்சிக்காரங்க வாட்ஸப்புல பதினெட்டு நிமிஷம் வாய்ஸ் நோட்டு அனுப்பி "நடுவுல ஒரு எடத்துல சர்வே நம்பர் சொல்லிருக்கேன் பாருங்கக்கா"ன்னு சொல்றாங்களே, அதேதான், 1897ல! மினா அத்தனையையும் காதுல மாட்டி கேட்டு, அழுதுகிட்டே, கார்பன் வச்சு மூணு மூணு காப்பியா அடிக்கிறா. புருசன் டைரி, தன்னோட டைரி, லெட்டரு, தந்தி, கட்டிங் எல்லாத்தையும் தேதி வரிசையில கோக்குறா. அப்பதான் எல்லாருக்கும் புரியுது, சீவர்ட் ஆஸ்பத்திரிக்கு பக்கத்து பங்களாவ வாங்குனவன்தான் லூசிய கொன்னவன், அவனேதான் கப்பல்ல வந்தவன்னு. துப்பறியுற மூளையெல்லாம் அப்புறம், ஃபைல ஒழுங்கா அடுக்குனதுலயே பாதி கேஸு முடிஞ்சிடுச்சு.

அத செஞ்சு முடிச்சதும் ஆம்பளைங்க அஞ்சு பேரும் கூடி ஒரு முடிவு எடுக்குறாங்க. இதுக்கு மேல மினாவுக்கு எதுவும் சொல்ல வேணாம், பொம்பள மனசு தாங்காது. வான் ஹெல்சிங் அவள புகழுறதே அவளுக்கு ஆம்பள மூளைன்னுதான், அத படிச்சுட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சேன். அவங்க ராத்திரியெல்லாம் வெளிய பிரபு படுக்குற மண்ணு பெட்டிய தேடிக்கிட்டு இருக்காங்க, அவ தனியா தூங்குறா, கதவு இடுக்குல பனி மாதிரி உள்ள வருது.

நெறைய பேரு மாத்தி மாத்தி சொல்ற கதையோட வேலை என்னன்னு இங்கதான் எனக்கு வெளங்குச்சு. மினா டைரியில, ஏனோ அசதியா இருக்கு, கெட்ட கனவுன்னு இருக்கு. புருசன் டைரியில, இன்னிக்கு கொஞ்சம் வெளுத்தாப்புல இருக்கா, நல்லவேளை இத சொல்லல, சொல்லியிருந்தா பயந்திருப்பான்னு இருக்கு. லூசிய கூடவே இருந்து பாத்த சீவர்டுக்கு தோணவே மாட்டேங்குது. நூறு பக்கம் முன்னாடி லூசிக்கு நடந்தது எல்லாமே ஒண்ணு விடாம மறுபடி நடக்குது, மூணு பேரு நோட்டையும் சேத்து வச்சு பாத்தா சின்ன புள்ளைக்கும் புரியும், ஆனா சேத்து வைக்குற ஆளத்தான் இவங்க வெளிய நிறுத்திட்டாங்களே! மொதல்ல கண்டுபுடிக்கிறது யாரு தெரியுமா, ஈயும் சிலந்தியும் புடிச்சு திங்கிற பைத்தியம் ரென்ஃபீல்ட். அவளப் பாத்து, டீயில தண்ணி கலந்தாப்புல ஆயிட்டான்னு நெனைக்கிறான். அஞ்சு படிச்ச ஆம்பளைங்களுக்கு தெரியாதது ஒரு பைத்தியத்துக்கு தெரியுது.

பிரபுவும் முட்டாள் இல்ல. வீட்டுக்குள்ள பூந்தப்ப போற போக்குல டைப் அடிச்ச கட்டையும் மெழுகு உருளையையும் நெருப்புல போட்டுட்டு போறாரு. தன்னோட எதிரி பூண்டு இல்ல இந்த ஃபைலுதான்னு அவருக்கு தெரியுது. ஆர்தர் அத சொல்லி முடிக்குறதுக்குள்ள சீவர்ட் குறுக்க பூந்து சொல்றாரு, கடவுளே, இன்னொரு காப்பி பீரோவுல பத்திரமா இருக்குன்னு. கார்பன் காப்பி! நான் கடையில உக்காந்து கைய தட்டிட்டேன், ஜெராக்ஸுக்கு நின்ன பையன் திரும்பி பாத்தான்.

அதுக்கப்புறம் அவள சேத்துக்காம வேற வழியில்ல. ரயில் நேரமெல்லாம் மனப்பாடமா சொல்றா, அவன் எந்த ஆத்து வழியா தப்பிச்சு போறான்னு மேப்ப வச்சு காரணத்தோட எழுதிக் குடுக்குறா, பயணத்துக்குன்னே கைக்கு அடக்கமா ஒரு டைப்ரைட்டரு, அத கண்டுபுடிச்சவனுக்கு நன்றி வேற சொல்றா. ரெமிங்டன தூக்கி வச்சு தோள்பட்டை எறங்குன ஆளு நான், எனக்கும் அந்த நன்றி உண்டு.

இவ்ளோ பேரு பேசுற புக்குல பேசாத ஒரே ஆளு டிராகுலாதான். மொத நாலு அத்தியாயத்துக்கு அப்புறம் அவரு நேர்ல வர்றதே கொஞ்சம். அவரு எழுதுனதுன்னு பாத்தா ஜோனத்தனுக்கு ஒரு வரவேற்பு கடிதம், நான் வர நேரமாகும் சாப்பிடுன்னு ஒரு துண்டுச்சீட்டு, அவ்ளோதான். அத்தன சாட்சியும் ஒரே பக்கம், எதிரிகிட்ட வாக்குமூலமே வாங்கல, குறுக்கு விசாரணையும் இல்ல. குமாஸ்தா அண்ணன் இதத்தான் புடிச்சுக்கிட்டாரு, "இந்த கேஸு அப்பீல்ல நிக்காதும்மா". கடைசியில ஜோனத்தனே ஒத்துக்குறான், இதுல அசல் ஆவணம்னு பெருசா ஒண்ணுமில்ல, எல்லாம் டைப் அடிச்ச காயிதம், யாரு நம்புவான்னு. ஸ்டோக்கர் இத தெரிஞ்சேதான் செஞ்சிருக்காருன்னு நெனைக்கிறேன். எதிரிய பேச விடல, அதனாலதான் 120 வருஷம் தாண்டியும் ஆளாளுக்கு அவனுக்கு வசனம் எழுதிக்கிட்டு இருக்காங்க.

படத்துல பாத்ததெல்லாம் இங்க எதிர்பாக்காதீங்க. வெயில் பட்டா எரிஞ்சு சாம்பலாகுறதெல்லாம் இல்ல, லண்டன்ல பட்டப்பகல்ல தெருவுல நிக்கிறாரு, பகல்ல சக்தி கொறைவு, அம்புட்டுதான். ஆரம்பத்துல பெரிய வெள்ளை மீசை, போகப் போக வயசு கொறையுது. வீட்டுக்குள்ள இருக்குறவங்க ஒரு தடவையாவது கூப்பிட்டாத்தான் அவரால உள்ள வர முடியும். இத எங்க அம்மாகிட்ட சொன்னேன், அது அசரவே இல்ல. "அதான் ராத்திரி யாராச்சும் கூப்ட்டா மூணாந்தபா கூப்டற வரைக்கும் வாய தொறக்காதன்னு சொல்றேன், கேக்குறியா." புக்கு எத பத்தின்னு கேட்டுச்சு, ரத்தக்காட்டேரின்னேன், அதுக்கு கோவம் வந்துடுச்சு. எங்க அம்மா வகையில காட்டேரிதான் குலசாமி, வருசா வருசம் பொங்க வைக்கிறோம், வெள்ளக்காரன் பேயிக்கு எங்க சாமி பேர எப்படி வைக்கலாம்னு. நியாயம்தான். எனக்கு தமிழ்ல வேற வார்த்தை தெரியல.

ஆனா நம்ம ஊரு சரக்கு அங்க போகாம இல்ல. விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகள 1870ல இங்கிலீஷ்ல போட்ட ரிச்சர்ட் பர்ட்டன ஸ்டோக்கர் நேர்ல பாத்து பழகியிருக்காரு, பேசுறப்ப அவரோட கோரைப்பல்லு எப்படி பளிச்சுன்னு தெரியும்னு பின்னாடி எழுதியும் வச்சிருக்காரு. கடைசியில டிராகுலா கழுத்துல எறங்குறதும் நம்ம பக்கத்து சாமான்தான், ஜோனத்தன் கையில இருக்குறது கூர்க்கா கத்தி.

கொறைன்னா நெறைய இருக்கு. நடுவுல வான் ஹெல்சிங் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, அவரோட ஒடஞ்ச இங்கிலீஷ அப்படியே எழுதி வச்சிருக்காரு, என் இங்கிலீஷுக்கு அது சுத்தமா ஏறல, டிக்‌ஷனரியிலயும் இல்ல. குவின்சியும் ஆர்தரும் ரெண்டு பேருன்னு நம்ப வைக்க பாவம் ஸ்டோக்கர் ரொம்ப கஷ்டப்பட்டிருக்காரு, டெக்ஸாஸ்காரன்னு சொன்னா மட்டும் ஆளு வந்துடுமா. ஜிப்சிக்காரங்கள, வெளியூரு ஆளுங்கள எழுதியிருக்குற விதம் நல்லா இல்ல, கிழக்க இருந்து வர்றவன்லாம் அழுக்கு, ஆபத்துங்கற பார்வை, ஒரு காலத்துல நம்மளையும் அப்படித்தானே எழுதுனாங்க. கடைசி நூறு பக்கம் வண்டி, படகு, குதிரை, தந்தின்னு தொரத்திக்கிட்டே இருக்காங்க, அப்புறம் டிராகுலா சாவுறது ஒரு பத்தியில முடிஞ்சு போயிடுது. நான் மறுபடி ஒரு ஃபாரம் விட்டு போச்சோன்னு பக்க நம்பர எண்ணி பாத்தேன். இல்ல, அவ்ளோதான்.

எல்லாரும் ஒரே மாதிரி எழுதுறாங்கங்கறதும் ஒரு கொறைதான். மினாவும் ஜோனத்தனும் பேர மறைச்சுட்டு படிச்சா வித்தியாசம் தெரியாது. ஆனா இதுக்கு நான் ஒரு சமாதானம் வச்சிருக்கேன், எல்லாத்தையும் டைப் அடிச்சது ஒரே ஆளு. எத்தன கட்சிக்காரங்க எத்தன விதமா பேசினாலும் என் கையில அடிச்சு வர்றப்ப எல்லாம் ஒரே நடையாத்தான் வருது. ஸ்டோக்கர் அச்சுக்கு குடுத்த டைப் காப்பியே 1980கள்ல அமெரிக்காவுல கெடச்சுச்சாம், அதுல டிராகுலான்னு பேரே இல்ல, செத்தும் சாகாதவன்ங்கற அர்த்தத்துல வேற தலைப்பு. கடைசி நேரத்துல மாத்தியிருக்காரு. கட்சிக்காரங்க பிரிண்ட் எடுத்த அப்புறம்தான் பேர மாத்துவாங்க, அது எந்த நாட்டுலயும் அப்படித்தான் போல.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். கொறைச்ச அந்த ஒண்ணு வான் ஹெல்சிங் பேச்சுக்கு. வாங்குறவங்க பெரிய எழுத்தா, கீழ அடிக்குறிப்பு போட்ட பதிப்பா பாத்து வாங்குங்க, வாங்குறதுக்கு முன்னாடி பக்க நம்பர ஒரு தடவ சரசரன்னு ஓட்டி பாத்துடுங்க, குறிப்பா சண்டே மார்க்கெட்டுல. இங்கிலீஷ் பயம் இருந்தா ஏழாவது அத்தியாயத்துல கப்பல் வர்ற எடத்த மட்டும் மொதல்ல படிச்சு பாருங்க, புடிச்சா முன்னாடிக்கு வாங்க.

விட்டு போன 16 பக்கத்த கடையில பிரிண்ட் எடுத்து, அளவா வெட்டி, அந்த எடத்துல சொருகி வச்சிருக்கேன். ரெண்டு காப்பி எடுத்தேன், ஒண்ணு பீரோவுல இருக்கு. புக்க குமாஸ்தா அண்ணன் "ரெண்டே நாளும்மா"ன்னு வாங்கிட்டு போயி மூணு வாரம் ஆகுது.